ஸ்பான்சர் பிள்ளை

நியூஜெர்சியில் எந்தத் தமிழ் வீட்டு நவராத்திரிக்குப் போனாலும் இவன் இருப்பான். சுண்டலைக் கையில் வாங்கியதும், "சிட்டிசன்ஷிப் வந்தாச்சு. அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு ஃபைல் பண்ணிட்டேன்" என்பான். அவர்கள் வரச் சம்மதித்தார்களா என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களிடம் கேட்டது பாஸ்போர்ட் நகல் மட்டும்தான்.

சட்டம் இவன் பக்கம். 21 வயது நிரம்பிய குடிமகன் பெற்றோரை அழைத்தால் ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. தங்கைக்குப் போட்டிருந்தால் அவள் பேத்தி எடுத்தபின் விசா வரும்.

ஆனால் அதே சட்டத்துக்குக் கொஞ்சம் குசும்பும் உண்டு. ஐ-130 மனு ஆளுக்கொன்று. அம்மாவுக்கு இவனுடைய பிறப்புச் சான்றிதழே உறவைச் சொல்லிவிடும். அப்பாவுக்கு அது போதாது, கல்யாணச் சான்றிதழும் வேண்டும். 1974இல் திருவையாற்றில் ஊரே திரண்டு சாப்பிட்ட கல்யாணம். பதிவு பண்ணத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"பத்திரிகை இருக்குடா. முகூர்த்த நேரம்கூடப் போட்டிருக்கு."

"அது மட்டும் போதாதுப்பா."

"அப்ப உங்கம்மாவையே கேளு."

"அம்மா கேஸ் கிளியர். உங்க கேஸ்தான் இடிக்குது."

சார்பதிவாளர் அலுவலகத்தில், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடிகளுக்கு நடுவே கைத்தடியோடு ஒரு மாப்பிள்ளை. சாட்சிக்கு அகப்பட்டவர் ஒரு பங்காளி. அவருக்குத் தாலி கட்டியது ஞாபகமில்லை. பெண்வீட்டு ரசத்தில் உப்பு கூடிப்போனது மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது.

அடுத்தது ஐ-864 உறுதிமொழிப் படிவம். அமெரிக்க வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் பெற்றவர்களைக் காப்பாற்றுவேன் என்று இவன் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அப்பாவே கோர்ட்டுக்குப் போகலாம். நூறு பக்கக் கட்டில் அப்பா அடிக்கோடிட்டு வைத்திருப்பது இந்த ஷரத்தை மட்டும்தான்.

ஒருவழியாகக் கார்டு வருகிறது, கூடவே பிப்ரவரிப் பனியும். காலை நடைக்கு ஆளில்லை, காரில்லாமல் கோயிலில்லை. மூன்றாம் வாரமே அப்பா ஊர் டிக்கெட் விலை விசாரிக்கிறார். "ஒரு வருஷத்துக்கு மேல அங்க தங்கிட்டா இந்தக் கார்டை வெச்சு உள்ள வர முடியாதுப்பா" என்று இவன் பதறுகிறான். அப்பா முகத்தில் அன்றுதான் முதல்முறையாக ஒரு தெளிச்சி!

வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அவன் அங்கே குடிமகன் ஆவதற்குள் உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பங்காளிகளை நம்ப முடியாது.