கட்டியவருக்கே கட்டடம்

பெறுநர்: ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, தமிழ்நாடு அரசு.

பொருள்: ‘நமக்கு நாமே’ திட்டம் – இல்லாதவர்களிடமிருந்து அரசு நிதியைப் பத்திரமாகக் காத்து வருவது – பாராட்டு – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஊர் கூடித் தேர் இழுப்பது பழைய வழக்கம். வடத்தைத் தொடுமுன் முன்பணம் கட்டச் சொன்ன பெருமை தங்களுடையது. 1997இல் ‘நமக்கு நாமே’ என்று வந்த திட்டம், 2011இல் ஆட்சி மாறியதும் ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆனது. 2021இல் மறுபடி ஆட்சி மாறவே பழைய பெயருக்குத் திரும்பியது. பலகை எழுதுகிறவர்களுக்கு இதனால் இரண்டு முறை வேலை கிடைத்தது, அதுவரை நல்லதே. இன்றைய விதியில் குழப்பம் ஏதுமில்லை. பொதுவாக, வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் முதலில் கட்டினால் மீதி இரண்டு பங்கை அரசு தரும். மக்களோடு கைகோக்கும் அரசு என்று இதைத்தான் மேடையில் சொல்கிறீர்கள். எந்த மக்களோடு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தங்கள் நுட்பம் விளங்குகிறது.

10 லட்சம் ரூபாயில் ஒரு நூலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 3,33,333 ரூபாய். நகரத்தை ஒட்டிய ஊராட்சியில் நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒன்று இருந்தால் வீட்டுக்கு 3,333 ரூபாய். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரே மாலையில் வசூலாகிவிடும். அதே ஊராட்சியில் நூறு நாள் வேலையை நம்பியிருந்த குடும்பங்களைப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் பாக்கியில்லாமல் வந்திருந்தால் (சிரிக்க வேண்டாம்) ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். ஆக, பத்துக் குடும்பங்கள் அந்த ஓராண்டுக் கூலியைத் தொடாமல் எடுத்து வைத்தால்தான் பங்குத் தொகைக்கு வரைவோலை எடுக்க முடியும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் புத்தகம் வாங்கவும் வழியிருக்கிறது. நூலகமும் அங்கேதான் வரும். அரசு தரும் 6,66,667 ரூபாயோ, தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கட்டிச் சேர்ந்த பணம். தெருவிளக்குக்குக் காத்திருக்கும் தெரு, பூங்கா கேட்கும் தெருவுக்கு நன்கொடை தருகிறது. இத்தகைய பெருந்தன்மையை ஏழைகளிடம் வேறு எந்த வழியிலும் வரவழைத்திருக்க முடியாது.

கைக்காசு போட்டால்தான் அக்கறை வரும், சும்மா வந்ததை யார் பராமரிப்பார்கள் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், தன் பணம் போன இடத்தை மனிதன் எட்டிப் பார்க்கவே செய்வான். அப்படியானால் இந்த அரிய கொள்கையை ஏழைகளோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கை அவர் கையிலிருந்து கட்டச் சொன்னால், பேருந்து நிழற்குடைகளின் மேல் எத்தனை அக்கறை பொங்கும்! கட்டாதவருக்கு அக்கறை இராது என்பது இல்லாதவர் விஷயத்தில் மட்டும் பலிக்கும் விதி போலும்.

நன்கொடையாளர்களும் நிறுவனங்களும் ஏழை ஊருக்காகக் கட்டலாமே என்பது அடுத்த சமாதானம். கட்டலாம், கட்டவும் செய்கிறார்கள். ஆனால் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்று முடிவு செய்வது அப்போது நன்கொடையாளரே. பாதியோ அதற்கு மேலோ கட்டுகிறவர் வேலையைத் தாமே எடுத்துச் செய்யவும் தங்கள் விதி இடம் தருகிறது. டெண்டர் தொல்லையும் தீர்ந்தது. அரசு மீதிப் பணத்தைத் தருகிறது, ஊர் கைதட்டுகிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படும் கிராம சபை, வேண்டும் வேண்டும் என்று போட்ட தீர்மானங்களைக் கோப்பில் அடுக்கி வைத்துக்கொண்டு திறப்பு விழா அழைப்பிதழைப் படித்துக்கொள்ளலாம்.

பங்கைக் குறைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்பாரும் உண்டு. ஏரி குளங்களை ஊராரே பராமரிக்கும் பழைய வழக்கமான குடிமராமத்தை 2017இல் மீட்டபோது 10 சதவீதம்தான் கேட்டார்கள். அதையும் உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்றார்கள். 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள்கூட ஏரிக்கரைக்கு முதலில் கேட்டது ஆள்பலத்தைத்தான். ஆனால் ஏரி வேறு, நூலகம் வேறு. தூர்வாரிய ஏரி அடுத்த போகத்திலேயே நெல்லாகத் திரும்பும். பாசனக்காரர் பங்கு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் அப்படி வரவு கிடையாது. அங்கே 10 சதவீதம் என்றாலும் 10 லட்சத்துக்கு ஒரு லட்சம், அதாவது மூன்று குடும்பங்களின் நூறு நாள் கூலி. பங்கு எவ்வளவு சிறுத்தாலும், முதலில் கட்டுகிறவருக்கு முதலில் என்ற வரிசை இருக்கும்வரை, இல்லாதவர் கடைசியில்தான் நிற்பார்.

ஆகவே ஒரு சிறு திருத்தம் கோருகிறேன். எந்த ஊரில் எது இல்லை என்ற பட்டியல் மாவட்ட அலுவலகங்களிலேயே கிடக்கும். கிராம சபைத் தீர்மானத்தோடு அதைச் சேர்த்து வைத்து, இல்லாத ஊருக்கு முதலில் அரசின் பணம் போகட்டும், பங்கு கேட்காமல். மூன்றில் ஒரு பங்கைக் கட்ட வசதியுள்ளவர்கள் மூன்று பங்கையும் கட்டி, தங்கள் பூங்காவுக்குத் தங்கள் பெயரையே சூட்டிக்கொள்ளட்டும். கல்வெட்டில் இடம் தாராளமாக இருக்கும்.

இப்படிக்கு,
பங்குத் தொகை கட்டாத பொதுஜனம்

இணைப்பு: வரைவோலை – இல்லை.