மனு போடப் போறியாம்ல?

இன்னாடா பேராண்டி, எதிர் வூட்டுக்காரன் வை-ஃபை உன் வை-ஃபையைக் கெடுக்குதுன்னு திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதி வெச்சிருக்கியாம்ல? நல்லா எழுது. கலெக்டர் ஆபீசு நம்ம வேங்கிக்கால்லதான இருக்குது, பஸ் காசும் மிச்சம். பட்டாவுக்கு நிக்கிறவன், உதவித்தொகைக்கு நிக்கிற கெழவி, எல்லாரையும் தள்ளிவுட்டு முன்னால போய் நில்லு.

ஆனா அலைவரிசை கலெக்டர் கையில இல்லடா, டெல்லிக்காரன் சமாச்சாரம். அவன் 2005-லயே விதி போட்டுட்டான்: வை-ஃபை ஓடற 2.4-ல இருந்து 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸே வேணாம், 4 வாட்டுக்குள்ள எவன் வேணா பேசிக்கலாம். அடுத்தவனால எடஞ்சல்னு மட்டும் எங்ககிட்ட வந்து நிக்காதன்னுட்டான். மந்தவெளிப் பொறம்போக்கு மாதிரிதான். உன் மாட்டை எவன் மாடு முட்டுனாலும் மணியக்காரன் வர மாட்டான்.

சரி, உன் ரூட்டர் எந்த சேனல்ல இருக்குது? மூணுலயா! மாடிக்காரன் 1, எதிர் வூட்டுக்காரன் 6, நீ நடுவுல நைசா பூந்துட்ட. பெரிய சாணக்கியன்தான். பேருக்குத்தான் மொத்தம் 13 சேனல். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் எடவெளி. ரூட்டரோ பேச ஆரம்பிச்சா 20 மெகாஹெர்ட்ஸுக்குக் காலை நீட்டும். ஒண்ணோட ஒண்ணு ஒரசாம 1, 6, 11 இந்த மூணுதான் அடங்கும். எதிர் வூட்டுக்காரன் சேனல்லயே நீயும் இருந்திருந்தா, அவன் பேசறது உன் ரூட்டருக்குப் புரியும். முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் பேசும். மெதுவாப் போகும், ஆனா போகும். மூணுல உக்காந்தவனுக்கு ரெண்டு பக்கத்துலயும் வெறும் இரைச்சல். எவன் எப்ப முடிச்சான்னு தெரியாது. அவனும் பேசறான், நீயும் பேசற, அனுப்புனது சிதறுது, திரும்ப அனுப்பற, அதுவும் சிதறுது. இதுல அவன் உன்மேல மனு எழுதாதது அவன் பெருந்தன்மை.

உன் பொண்டாட்டி வாங்குன மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் சூடு பண்ணுது. கதவை எவ்ளோ இறுக்கி மூடுனாலும் துளி கசியும், வை-ஃபை சத்தத்துக்கு அந்தத் துளியே ஜாஸ்தி. இருந்தாலும் நம்மூரு கரண்டுல அது செகண்டுக்கு 50 வாட்டி ஓய்ஞ்சு அடுத்தவனுக்கு எடம் குடுக்குது. நீ குடுத்திருக்கியா? ப்ளூடூத்து இன்னும் சூதானம். 79 படி வெச்சிக்கினு செகண்டுக்கு 1600 தாவு தாவுது. சண்டை நடக்கிற படி எதுன்னு கண்டுக்கினா அப்புறம் அந்தப் பக்கமே போறதில்ல. காதுல மாட்டற சுண்டைக்கா சைசுக்கு அவ்ளோ புத்தி.

பவரைக் கூட்டி வெக்கிறேன்னு வேற கெளம்பியிருக்கியாம். கூட்டு. ரூட்டர் கத்தறது உன் போனுக்குக் கேக்கும், போன் முனகறது ரூட்டருக்குக் கேக்கணுமே! எதிர் வூட்டுக்காரனும் கூட்டுவான், அப்புறம் தெரு பூரா கத்தல்தான்.

போன்ல வை-ஃபை அனலைசர் ஆப்பைப் போட்டு 11 காலியா இருக்குதான்னு பாத்து மாத்து. உன் போனும் ரூட்டரும் ஒத்துக்கிச்சுன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கே ஏறிடு. 2018-ல அங்க 605 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேணாம்னுட்டாங்க. சுவரைத் தாண்ட அதுக்குத் தெம்பு கம்மி, ஆனா எதிர் வூட்டுக்காரனுதுக்கும் அதே கதிதான? மாத்திட்டு கம்முனு இரு. டீக்கடையில பீத்திக்காத. அடுத்த பௌர்ணமிக்குள்ள தெருவே 11-ல வந்து உக்காந்துக்கும்.