எட்டுக் கிலோ கட்டுக்கம்பி

வீடு கட்டும் இடத்தில் எல்லார் கையிலும் ஏதாவது இருக்கும். கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்பவர் இருவர். காதில் பென்சில் இருந்தால் அவர் மேஸ்திரி, இல்லையென்றால் வீட்டுக்காரர்.

மேஸ்திரி வாயில் "முடியாது" என்ற சொல் வராது. "நாளைக்கு" வரும். அது காலத்தைக் குறிக்கும் சொல் என்று நம்பித்தான் நான் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தேன்.

கணக்கெல்லாம் சுவரில். கொத்தனாருக்கு எவ்வளவு, சித்தாளுக்கு எவ்வளவு, என்னிடம் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று பூசாத செங்கல்மேல் பென்சிலால் எழுதிக்கொண்டே போவார். மற்ற வேலையெல்லாம் இழுத்தது. அந்தச் சுவருக்கு மட்டும் பூச்சு சொன்ன தேதிக்கு முன்பே முடிந்தது.

ஊரப்பாக்கத்தில் 900 சதுர அடி. ஆரம்பத்திலிருந்தே இடைஞ்சல். பொங்கலுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் போன ஆட்கள் தைப்பூசமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். பிளம்பர் சுவரில் வெட்டி வைத்த காடியில் எலக்ட்ரீஷியன் தன் பைப்பைப் பதித்துவிட, இருவருக்கும் பேச்சு நின்றது. மேஸ்திரி பஞ்சாயத்து பண்ணவில்லை. ஒருவரிடம் போய், "உன் வேலை சுத்தம்னு அவன் ஊரெல்லாம் சொல்றான்" என்றார். மற்றவரிடமும் அதே பொய். பேசாமலேயே இருவரும் வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

கூரை கான்கிரீட் அன்றுதான் ஆள் யாரென்று தெரிந்தது. காலை 7 மணிக்குச் சூடம், தேங்காய். 8 மணிக்கு மிக்சர் சுற்றத் தொடங்கியது. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை எம்-சாண்ட், மூன்று ஜல்லி. பாதிக் கூரை ஆனபோது மெஷின் இரண்டு இருமல் இருமி நின்றது. சிமெண்ட் அரை மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கலாம், பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் போனால் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும் என்று யூடியூபில் பார்த்திருந்தேன். அதை 22 பேர் காதிலும் விழும்படி சொன்னேன். சட்டி கைமாறிக்கொண்டிருந்த வரிசை அப்படியே நின்றது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பீடி பற்றவைத்தார்.

மேஸ்திரி மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சார், கட்டுக்கம்பி தீந்துபோச்சு. செங்கல்பட்டுல ஒரு கடை இருக்கு, அங்கதான் நல்ல கம்பி. ரெண்டு கிலோ. நீங்களே போனாத்தான் சரியா இருக்கும்."

கூரைக்குக் கம்பி கட்டி முடித்தது முந்தாநாள். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஹார்டுவேர் கடைதான். இரண்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீடே என் கையில் இருப்பதுபோல ஸ்கூட்டரை விரட்டினேன்.

திரும்பி வந்தபோது நாலு பேர் தகரத்தில் கொட்டிக் கையாலேயே கலவை புரட்டிக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்தின் ஓரத்தில் சிமெண்ட் பால் ஊற்றியிருந்தது. சட்டி பழையபடி பறந்தது. மெஷின் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. "அந்த மூலை வரைக்கும் போட்டா டீ" என்றாராம் மேஸ்திரி. டீ ஆனதும், "இந்த மூலைக்குப் போண்டா". 5 மணிக்குக் கூரை முடிந்தது. நான் கம்பியை நீட்டினேன்.

"வெச்சிடுங்க சார்" என்றார், திரும்பாமலே.

ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணினேன். கடக்காலில் பாறை வந்த அன்று கட்டுக்கம்பி. சமையலறைச் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காத அன்றும் கட்டுக்கம்பி. படிக்கட்டைத் திருப்பலாமா என்று என் மனைவி கேட்ட அன்று எங்கள் இருவரையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்.

குடிவந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. கூரை ஒழுகவில்லை. கம்பி பரணில் இருக்கிறது.

போன வாரம் பக்கத்து மனையில் கான்கிரீட். அதே மேஸ்திரி. வீட்டுக்காரர் வியர்த்து வழிய வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "எங்க சார் அவசரமா?" என்றேன்.

"கட்டுக்கம்பி. செங்கல்பட்டு."

என்னிடமே எட்டுக் கிலோ இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சாரத்தின்மேல் நின்ற மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"ஆமாம் சார். அங்கதான் நல்லா இருக்கும்" என்றேன்.