ஈர்க்கு நுழையாத உண்டியல்: சேமிப்புச் செயலி ஒன்றின் வடிவமைப்பை முன்வைத்து மாத்தளையிலிருந்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் ஒரு காம்பரா. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில், பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், இஸ்தோப்பு தனி. ஆய்வுக்கு உட்பட்டோர் அறுவர். பூனை கணக்கில் இல்லை. ஆய்வாளர் அடியேன். ஆய்வு உதவியாளர் என் அக்கா மகன், கொழும்பில் மென்பொருள் எழுதுகிறவன். தலைப்பைக் கொண்டுவந்தவனும் அவனே: ஆளுக்கொரு இலக்கு வைத்துக் காசு சேர்க்க உதவும் ஒரு ஆப்.

திரையில் ஒரு வட்டம் வரும். என்ன வாங்கப் போகிறோம், எவ்வளவு, எப்போது என்று எழுதிவிட வேண்டும். காசு சேரச் சேர வட்டம் பச்சையாகும். நிறைந்ததும் வண்ணக் காகிதம் சொரியும். அவன் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட என் அம்மா, அதாவது அவனுடைய அம்மாயி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எடுக்கிறது எப்படிடா?"

அவன் பெருமையோடு காட்டினான். ஒரு தட்டு.

"அப்ப இது உண்டியல் இல்லடா. மேசை லாச்சி."

இவ்வாய்வின் கருதுகோள் இதுதான். இனி வருவதெல்லாம் அதற்கான ஆதாரம்.

முதலில் சொல்லாராய்ச்சி. இலங்கைத் தமிழில் உண்டியலுக்கு மூன்று பொருள்: பிள்ளைகள் காசு போடும் மண்பாண்டம், கோயிலில் காணிக்கை போடும் பெட்டி, வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசு கைமாறும் வழி. 2021, 2022இல் நாடு டொலருக்குத் தவம் கிடந்த காலத்தில் பத்திரிகைகள் இந்த மூன்றாவதைத்தான் எழுதிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் சிலர் அரசாங்கம் கோயில் உண்டியலில் கைவைக்கப் போகிறது என்று பதறியதும் உண்டு. மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுதான். போட்டபின் காசு போட்டவர் கையில் இல்லை. உதவியாளனின் செயலி இந்த முதல் தேர்விலேயே தோற்றது.

அடுத்து, மண் உண்டியலின் பொறியியல். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும்போது கடைத்தெருவில் வாங்கியது, மாம்பழ வடிவம், மஞ்சள் பூச்சு, கன்னத்தில் சிவப்பு. உச்சியில் ஒரு கீறல். மூடி கிடையாது, மீதி காட்டும் வசதி கிடையாது. மீதியை அறிய ஆட்டிப் பார்க்கலாம். நோட்டுக்குச் சத்தம் இல்லாததால் ஆட்டி அறியும் தொகை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். சேமிப்பவர் தன்னை ஏழையென்றே நினைத்துக்கொண்டிருப்பார். செயலியின் வட்டமோ நேர்மாறு. எழுபது சதவீதம் பச்சையைப் பார்த்தவன் அன்றைக்கே பணக்காரனாகி கொத்து ரொட்டி தின்னப் போகிறான். உதவியாளனே அப்படிப் போனான். நேரில் கண்ட சான்று.

மண் உண்டியலிலும் ஓட்டை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, உண்டியலைக் கவிழ்த்துப் பிடித்து, கீறலுக்குள் விட்டு நெம்பினால் காசு ஈர்க்கின் மேல் ஏறி வழுக்கி வரும். என் ஒன்பதாவது வயதில் செய்த களப்பணி. 1 ரூபாயும் 2 ரூபாயும் சாதுவாக இறங்கும். பின்னாளில் வந்த 10 ரூபாய்க் குற்றிக்குப் பதினொரு பக்கம். பதினொன்றும் பதினொரு இடத்தில் மாட்டும். ஒரு குற்றியை எடுக்க அரைமணி நேரம் போகும், அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். இங்கேதான் பாதுகாப்பு இருக்கிறது. பூட்டில் அல்ல, அந்த அரைமணியில்.

இதை உலகம் அறியாமல் இல்லை. நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகிய மூவர் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோத் தீவில் ஒரு வங்கியோடு சேர்ந்து நடத்திய பரிசோதனையை 2006இல் வெளியிட்டார்கள். வாடிக்கையாளரே தொகையோ தேதியோ குறித்துக்கொள்ள வேண்டும்; அது வரும்வரை எடுக்க முடியாது. இந்தக் கணக்கைத் திறக்க அழைக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல்தான் சம்மதித்தார்கள். ஆனாலும் ஓராண்டு முடிவில், அழைக்கப்பட்ட கூட்டத்தின் சராசரிச் சேமிப்பு அழைக்கப்படாதவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. விரும்பியவர்கள் வீட்டில் வைக்க ஒரு பெட்டியும் வாங்கிக்கொள்ளலாம். சாவி வங்கியிடம்.

வாசித்துக் காட்டினேன். "இதுக்கா பிலிப்பைன்ஸ் போனாங்க?" என்றார் அம்மா.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உதவியாளனுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டபோது அவர் மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்து அம்மன் படத்தின் முன் வைத்தார். இலக்கு ஒன்று, தேதி மாசி மகம், தொகை முடிந்தபோதே தீர்மானம். வட்டி கிடையாது. இடையில் எடுத்தால் தண்டம் உண்டு. எவ்வளவு என்று சொல்லப்படவில்லை, அதுதான் அதன் பலம். அதற்குப் பின்னும் வருஷத்துக்கொன்றாக முடிச்சு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 2022இல் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மாவுக்கு வரிசை. சீனி டப்பாவுக்குள் ஒளித்த காசு போயிற்று, உதவியாளனின் செயலியில் கிடந்ததும் போயிற்று, மாம்பழ உண்டியலைக்கூட உடைத்தோம். மஞ்சள் முடிச்சைப் பார்த்தவர்கள் உண்டு, தொட்டவர் இல்லை.

சீட்டைப் பற்றி நீட்ட வேண்டாம். பன்னிரண்டு பெண்கள், பத்தாந்தேதிச் சம்பளம், குலுக்கல். எந்தத் தோட்டத்திலும் உள்ளதுதான், சிங்களவர்களும் அதே சொல்லால் சொல்கிறார்கள். செயலியின் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம். காசு கட்டாதவள் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சீட்டுக்காரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு அதே நிரையில் கொழுந்து எடுக்க வேண்டும். இதற்குச் சமமான மென்பொருள் இன்னும் எழுதப்படவில்லை.

நினைவூட்டல் என்றதும் ஒரு குறுக்குக் குறிப்பு. காலை எட்டு மணிக்கு, நாள் தவறாமல், "இன்று 100 ரூபாய்" என்று கேட்கிறது இச்செயலி. மாத்தளைக்காரர்களிடம் இப்படிக் காசு கேட்பதில் வரலாற்று ஆபத்து உண்டு. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று டொரிங்டன் தேசாதிபதி கேட்டதன் பலன் 1848 ஜூலைக் கலகம்; கலகத் தலைவர் புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். உதவியாளன் அதே மாவட்டத்திலிருந்து எதிர்வாதம் எடுத்தான்: வாய்வழியே காத்துவந்த திரிபிடகத்தைப் பஞ்சகாலத்தில் அலுவிகாரையில் ஓலையில் எழுதி வைத்ததால்தானே அது பிழைத்தது, கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும், ஆகவே கிளவுட். நல்ல வாதம்தான். அலுவிகாரையின் நூலகம் அதே 1848 கலகத்தில் அழிந்தது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

சேமிப்பு நிறுவனங்களின் வரலாற்றையும் கடமைக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்: 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கி, 1885இல் தபாலகச் சேமிப்பு வங்கி, இவையும் பிறவும் சேர்ந்து 1972 முதல் தேசிய சேமிப்பு வங்கி, ஒக்டோபர் 31 வந்தால் பள்ளிக்கூடத்தில் சிக்கன தினக் கட்டுரைப் போட்டி. நான் மூன்று முறை எழுதியும் பரிசு கிடைக்கவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் நான்காவது முயற்சி.

இலக்கைப் பற்றிய பிரச்சினைதான் பெரிது. உதவியாளனின் இலக்கு ஒரு செக்கன்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சிலிருந்து இருநூறு ரூபாய் டொலர் இரண்டே மாதத்தில் முந்நூற்றறுபதானது. பழைய சைக்கிள் ஒவ்வொன்றும் புதுசைவிட விலையேறியது. அவன் மாதாமாதம் காசு போட்டான், விலையை நேர்மையாகத் திருத்தினான், வட்டம் சுருங்கியது. பச்சை பின்னுக்கு நகர நகர, கீழே ஒரு வரி மட்டும் மாறாமல் வந்தது: "அருமை! தொடருங்கள்!" குடும்பத்தில் யாரும் அந்த நாட்களில் அவன் போனைத் தொடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த காசுக்கு இந்த வியாதி இல்லை. நேர்ந்தது பதினொரு ரூபாய் என்றால் அம்மன் டொலர் விலை கேட்பதில்லை.

மேற்கண்ட முடிவுகளின்படி செயலி திருத்தப்பட்டது. வட்டம் நீக்கப்பட்டது. மீதி காட்டப்படாது, போனை ஆட்டினால் சில்லறைச் சத்தம் மட்டும் கேட்கும். காசு எடுக்க அம்மாயியின் அனுமதி வேண்டும்: கோரிக்கை அவர் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும், அவர் ஒன்றை அழுத்தினால்தான் காசு வரும். அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். அதில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும். ஆகவே இன்றுவரை ஒரு கோரிக்கையும் அனுமதிக்கப்படவில்லை. இத்தனை துல்லியமான முடிவு பிலிப்பைன்ஸிலும் கிடைத்ததில்லை.

போன வாரம் எனக்கே அவசரமாக மூவாயிரம் தேவைப்பட்டது. கோரிக்கை அனுப்பிவிட்டு இஸ்தோப்பில் காத்திருந்தேன். உள்ளே போன் ஒருமுறை கிணுங்கியது. "என்னமோ மணி அடிச்சுச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா கறிக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

இந்த வருஷத் தேருக்கு வாங்கிய புது உண்டியல் அலுமாரி மேல் இருந்தது. இம்முறை அன்னாசி வடிவம். இறக்கி ஆட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாகவே இருந்தது. ஈர்க்கு எடுக்கத் திரும்பினேன். விளக்குமாறு வழக்கமான மூலையில் இல்லை.