மதுக்கடைச் சுவரில் ஆட்டுக்குட்டி

கேள்வி: ஜார்ஜியா ஓவியர் ஒருவரின் ஆன்மிகப் படங்கள், அதுவும் தனியார் சேகரிப்பிலிருந்து, தனிக் கண்காட்சி: இதைப் பற்றித்தான் பேசப்போகிறீர்களாமே. ஜார்ஜியா அமெரிக்காவில்தானே இருக்கிறது?

பதில்: அது வேறு ஜார்ஜியா. நான் சொல்லப்போவது காக்கசஸ் மலைக்குத் தெற்கே, கருங்கடல் ஓரத்து ஜார்ஜியா. ஸ்டாலின் பிறந்த நாடு. அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, நிக்கோ பிரோஸ்மானியையும் அதுவே பெற்றது.

கேள்வி: யார் அவர்?

பதில்: காகெத்தி பகுதியில் மிர்சானி கிராமத்துக்காரர். சின்ன வயதிலேயே அநாதை. ரயில்வேயில் வேலை பார்த்தார், விட்டார். பால்கடை வைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் திஃப்லிஸ் (இன்றைய டிபிலிசி) நகரத்து மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர்ப்படமும் வரைந்து கொடுத்தார். கூலி பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாடும் ஒயினும். ஓவியப் பள்ளிப் பக்கமே போனதில்லை. எண்ணெய் பூசிய கறுப்புத் துணியில் வரைவார். கறுப்பு வேண்டிய இடத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவார். சாயம் மிச்சம், படத்துக்கும் ஆழம். இப்படி ஒரு சிக்கனத்தை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது.

கேள்வி: மதுக்கடைக்கு வரைந்தவரிடம் ஆன்மிகமா? நெருடுகிறதே?

பதில்: கடைக்காரருக்கு நெருடவில்லை, குடித்தவருக்கும் நெருடவில்லை, உங்களுக்கு மட்டும் ஏன்? அவருடைய ஈஸ்டர் ஆட்டுக்குட்டிப் படங்களைப் பாருங்கள். பலியாகப் போகும் வெள்ளைக் குட்டி. அதன் முகத்தில் அழுகை இல்லை, புகாரும் இல்லை. விருந்துப் படங்களில் மீசைக்காரர்கள் ஒயின் கொம்போடு நம்மை நேராகப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜார்ஜியத் தேவாலயச் சுவர்களில் புனிதர்களும் இப்படித்தான் நேர்முகமாக நிற்கிறார்கள். அந்த நாட்டில் விருந்தே ஒரு வழிபாடு மாதிரி: 'தமதா' என்ற தலைவர் கடவுளுக்கும் இறந்தவருக்கும் வந்தவருக்கும் முறை வைத்து வாழ்த்துச் சொன்ன பிறகே கோப்பை காலியாகும். போல்னிசி என்ற ஊரில் நடக்கும் புனித ஜார்ஜ் திருவிழாவையும் வரைந்திருக்கிறார். புனிதர் தூக்கத்தில் வந்து 'பயப்படாதே' என்று தைரியம் சொல்வார், விடிந்ததும் தூரிகை தானே ஓடும் என்று பிரோஸ்மானி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம். எனக்கு ஆட்டுக்குட்டியே போதும்.

கேள்வி: கலைப்படைப்புகளைத் தனியார் வீட்டில் பூட்டி வைப்பது சரியா?

பதில்: பொதுவாகச் சரியில்லை. இந்தக் கதையில் மட்டும் தனியார் சேகரிப்பாளர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். 1912-இல் மிகயில் லெ-தந்த்யூ என்ற ரஷ்ய ஓவியரும், கிரில், இலியா ஸ்தானேவிச் சகோதரர்களும் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தார்கள். சாப்பாட்டைவிடச் சுவர் நன்றாக இருந்தது! அன்றிலிருந்து கடை கடையாக ஏறி, சொந்தக் காசு கொடுத்துப் படங்களை வாங்கினார்கள். 1913-இல் நான்கு படங்கள் மாஸ்கோ கண்காட்சிக்குப் போயின. 1916 மே மாதம் தம்பி இலியா, கையிலிருந்த படங்களை வைத்துத் திஃப்லிஸிலேயே தனிக் கண்காட்சி நடத்தினார். ஒரே ஒரு நாள்தான். அவர்கள் வாங்காமல் விட்ட எத்தனையோ படங்கள் கடையோடு கடையாக அழிந்துபோயின. இன்று மிஞ்சியவை சுமார் 200. அண்ணன் கிரில்லின் சேகரிப்பு பின்னாளில் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: கண்காட்சிக்குப் பிறகாவது அவருக்கு நல்ல காலம் வந்ததா?

பதில்: கேலிச்சித்திரம் வந்தது. அதே ஆண்டு ஒரு பத்திரிகை, 'போய்ப் படித்துவிட்டு வா' என்கிற பாணியில் அவரைக் கிண்டலடித்தது. மனிதர் நொறுங்கிப் போனார். போர்க்காலத்து மதுவிலக்கால் 1914 முதலே கடைகளும் படுத்துவிட்டன. வரையச் சொல்ல ஆளில்லை. 1918-இல் இறந்தார். கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: நடிகை மார்கரிட்டாவுக்காகச் சொத்தை விற்று வண்டி வண்டியாகப் பூ வாங்கினாராமே?

பதில்: பால்கடை லாபத்தில் எத்தனை வண்டி பூ வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தக் கதையை வைத்து அல்லா புகச்சோவா பாடிய ரஷ்யப் பாட்டு கணக்குப் போடவில்லை, அதனால்தான் ஹிட். மார்கரிட்டாவை அவர் வரைந்த படம் மட்டும் நிஜம்.

கேள்வி: பிக்காசோ இவரை மதித்தாராமே?

பதில்: 1972-இல் பிரோஸ்மானியைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் அதே இலியா, அதற்குள் பாரிஸ்வாசி. பிரோஸ்மானியின் உருவத்தை அதற்குச் செதுக்குச் சித்திரமாகப் போட்டுத் தந்தவர் பிக்காசோ. கூலி ஒயினா என்று விசாரிக்கவில்லை.

கேள்வி: ஜார்ஜியாவில் பின்னாளில் அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது?

பதில்: ஒரு லாரி நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள். லாரி என்பது அந்த நாட்டுப் பணம். அடித்துக்கொண்டு போகிற லாரி அல்ல.

கேள்வி: நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: டிபிலிசி ருஸ்தவேலி வீதியில் தேசிய ஓவியக்கூடம். அப்படியே காகெத்திப் பக்கம் போனால் சிக்னாகி அருங்காட்சியகம். இரண்டுக்கும் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அந்த விருந்துப் படங்களுக்கு முன்னால் நின்று தாக்குப்பிடிக்க முடியாது.