சிபாரிசுச் செம்மல்

உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சொன்னால் தைலம் வரும். டாக்டரிடம் சொன்னால் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வரும். சிபாரிசுச் செம்மலிடம் சொன்னால் பஸ் நம்பரோடு ஒரு முகவரி வரும். நீங்கள் அதை எழுதிக்கொள்ளும் வரை உங்கள் கையை விட மாட்டார்.

தெருவுக்கு ஒரு செம்மல் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் பாங்க்கிலோ தபால் துறையிலோ ஓய்வு பெற்றவர். கைமாற்றாகப் பணம் கேட்டால் யோசிப்பார். ஆள் கேட்டால் அள்ளிக் கொடுப்பார். "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று தொடங்கிவிட்டாரானால், நீங்கள் எந்தக் காரியமாகக் கிளம்பினீர்கள் என்பது உங்களுக்கே மறந்துவிடும்.

அந்த 'நம்ம ஆளு'க்குச் சில லட்சணங்கள் உண்டு. கடைக்குப் போர்டு இருக்கக் கூடாது. "போர்டு வெச்சுட்டா வியாபாரி சார்" என்பது செம்மலின் சித்தாந்தம். கடை, ஆட்டோ நுழையாத சந்தில் இருக்க வேண்டும். போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் எரிந்து விழ வேண்டும். டாக்டராக இருந்தால் அரதப் பழைய ஃபீஸ் வாங்கிக்கொண்டு, மருந்து எழுதாமல் திட்டி அனுப்ப வேண்டும். "அவர் திட்டினாலே பாதி குணம் சார்!" எலும்பு முறிந்தால் இன்னும் விசேஷம். சென்னையில் எங்கு பார்த்தாலும் 'புத்தூர் கட்டு' போர்டு தொங்குகிறது. செம்மல் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "கட்டுன்னா நேரா புத்தூருக்கே போயிடணும்" என்று, ஒற்றைக் காலில் நிற்பவரை ஆந்திர எல்லை தாண்ட ரயில் ஏற்றப் பார்ப்பார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தலையாய லட்சணம் வேறு: அந்த ஆளுக்குத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வித்தை தெரிந்திருக்க வேண்டும்.

"பல் டாக்டரா? ஒருத்தர் இருக்கார். மிருதங்கம் வாசிப்பார் பாருங்க, அடடா!"

"பல் எப்படிப் பிடுங்குவார்?"

"அதையும் பிடுங்குவார். பல் குடையற மிஷினைக் கூட நாலரைக் கட்டையில வெச்சிருக்கார்னா பாத்துக்குங்களேன்."

ஆடிட்டர் கேட்டுப் போனவரிடம் ஆடிட்டரின் தபால்தலை ஆல்பத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். 1852-இல் சிந்து மாகாணத்தில் வெளிவந்த தபால்தலைதான் ஆசியாவிலேயே முதலாவது. 1854-இல் அச்சான நாலணாத் தலை ஒன்றில் விக்டோரியா ராணி தலைகீழாக நிற்கிறார். இன்று அதன் விலைக்கு வீடே வாங்கலாம். உங்கள் வருமானவரிக் கணக்கில் எது தலைகீழாக நின்றது என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

எலக்ட்ரீஷியன் கேட்டால் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனாகப் பார்த்துச் சொல்வார். "அன்டார்க்டிகாவுல இருக்கறவனோட பேசியிருக்கார் சார்!" இருக்கட்டும், நாலு தெரு தள்ளியிருந்து நாம் போன் செய்தால் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்?

கடைசியில் ஒரு கட்டளை வரும்: "நான் அனுப்பினேன்னு சொல்லுங்க." இதை நம்பி ஒருவர், செம்மல் சொன்ன தையற்காரரிடம் துணியோடு போனார். தன்னை யார் அனுப்பியது என்றும் பெருமையாகச் சொன்னார். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "அவரா அனுப்பினாரு? அப்போ பொங்கலுக்கு அப்புறம் வாங்க. அவரு அனுப்பின துணியே அலமாரி நிறைய இருக்கு" என்றார். அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது.

ஆள் சிபாரிசாவது போகட்டும், போகாமல் தப்பிக்கலாம். சங்கீத சிபாரிசில் அந்தச் சலுகை கிடையாது. கையோடு ஹெட்போன் வைத்திருப்பார். உங்கள் காதில் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்ப்பார். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஓடும். "இப்போ வரும் பாருங்க" என்பார். எது வரும் என்று தெரியாது. முன்கூட்டியே தலையை ஆட்டினால் "இன்னும் வரல்லை" என்பார். பிறகு ஆட்டினால் "போயிடுச்சு" என்பார். கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர், பழைய இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் அதை எப்படி அடக்கினார் என்று சொல்லும்போது செம்மலின் கண் கலங்கும். அப்போது நீங்கள் மணி பார்த்தால் நட்பு போயிற்று.

ராகங்களை அவர் மாத்திரையாகவும் எழுதிக் கொடுப்பார். தூக்கம் வராதவருக்கு நீலாம்பரி. ரத்த அழுத்தத்துக்கு எம்.டி. ராமநாதன் பாட்டு. "அந்த விளம்ப காலத்துல கேட்டா உங்க நாடியும் தானா மெதுவாயிடும் சார்!" எனக்கு சினிமாப் பாட்டு போதும் என்று நழுவப் பார்த்தால், 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத் தொகுப்பு தயாராக இருக்கும். இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பித்தார் என்பார். "முதல்ல இதைக் கேளுங்க, அப்புறம் பாக், அப்புறம் நேரா திருவையாறு" என்று வழித்தடமே போட்டுவிடுவார். மார்கழி வந்தால் பெரிய வித்வான்களின் சாயங்காலக் கச்சேரி அவருக்கு ஆகாது. பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் இல்லாமல் நடக்கும் மத்தியானக் கச்சேரிக்குத்தான் அனுப்புவார். "இந்தப் பொண்ணு பாட்டுக்கு நாளைக்கு நீங்க டிக்கெட் கிடைக்காம அலைவீங்க." இந்த ஜோசியம் சில சமயம் பலித்தும் விடுகிறது என்பதுதான் கஷ்டம்.

அடுத்தது பொழுதுபோக்கு. நமக்குப் பொழுதே இல்லை என்பது அவருக்குப் பொருட்டில்லை. வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டித் தேய்ந்துபோனவரைப் பார்த்து, "வேடந்தாங்கல் போயிருக்கீங்களா?" என்பார். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். சாலிம் அலி 1941-இல் எழுதிய பறவைப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அங்கே ஏரியில் விழும் பறவை எச்சம் வயலுக்கு உரமாகிறது, அதனால்தான் ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, வட்டி கட்டுகிறவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த ஞாயிறு அவர் பைனாகுலர் விலை விசாரித்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

செம்மலுக்கே பதில் சிபாரிசு செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் யாரைச் சொன்னாலும், "அவரா? முன்னாடி நல்லாத்தான் இருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒரு குறும்புக்காரர், செம்மலே எப்போதோ சொன்ன அதே தையற்காரரைத் தன் கண்டுபிடிப்பு போல அவரிடம் சொல்லிப் பார்த்தார். செம்மல் உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி நல்லாத்தான் தெச்சுண்டிருந்தார். யாரோ ஆள் மேல ஆளா அனுப்பிக் கெடுத்துட்டாங்க."

சிரிக்கலாம். ஆனாலும் தெருவில் பழைய வீடு இடிபடும்போது இவரைக் கவனியுங்கள். இடிப்பவர் கணக்கில் உத்தரம் எல்லாம் விறகு. செம்மல் போய்த் தட்டிப் பார்ப்பார். ஆச்சா மரம் என்று தெரிந்தால் விட மாட்டார். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள், பழைய வீடுகளில் நாள்பட உலர்ந்த ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. யாரிடம் பேச வேண்டும் என்பதும் செம்மலுக்குத் தெரியும். அடுப்புக்குப் போகவேண்டிய உத்தரம் அவர் வாயால் தோடிக்குப் போகும். அவருக்கு ஒரு காசு கமிஷன் கிடையாது.

இப்போது எல்லாவற்றுக்கும் போனில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். "அஞ்சு ஸ்டார் போட்டவனுக்கு உங்க முழங்கால் தெரியுமா?" என்று செம்மல் கேட்கிறார். நியாயமான கேள்வி. நட்சத்திரம் போட்டவர் யாரும் மறுவாரம் நம்மை மறித்து, வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. செம்மல் விசாரிப்பார். நாம் குணமானோமா என்பதை விட, போனோமா என்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம், இருந்தாலும் விசாரிப்பார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருச் செம்மல் சொல்லும் பத்தில் ஒன்றுக்காவது போய் வாருங்கள். நேரமில்லை என்றால் போகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். போனதாக மட்டும் பொய் சொல்லாதீர்கள், "அவர் வீட்டு ஊஞ்சல் பலகையைப் பாத்தீங்களா?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும்.