பீமன் நசுக்கிய கொசு

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நான் முதல்முதலாகப் பீமன் படுக்கையில் படுத்தேன். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் கீழவளவு. அங்கே இருக்கிற பஞ்சபாண்டவர் மலைதான் இடம். மலை என்பது கொஞ்சம் மரியாதைக்குச் சொல்வது. குட்டியானைகள் கூட்டமாகப் படுத்து அசை போடுவதுபோலப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பக்கத்து ஊர்தான் அப்பத்தா ஊர். லீவு விட்டால் என்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு அப்பா அடுத்த பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிடுவார்.

ஆடுகளைப் பாறை ஓரம் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் உள்ளே ஏறுவோம். குனிந்துதான் போக வேண்டும். வெளியே சித்திரை வெயில் தலையைப் பிளக்கும். உள்ளே போனால் முதுகுக்கு ஈரத்துணி சுற்றினதுபோல் இருக்கும். தரையில் ஆள் நீளத்துக்குப் பாறையை இழைத்திருப்பார்கள். தலைமாட்டில் மட்டும் நாலு விரல் உயரத்துக்குத் தலையணையாக விட்டிருப்பார்கள். கன்னத்தை அதில் வைத்தால் வழுவழுவென்று இருக்கும். நீளமான படுக்கை பீமனுக்கு. அதில் யார் படுப்பது என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை. சகாதேவன் படுக்கைக்கு ஒருத்தனும் போட்டி போட்டதில்லை.

பாறையில் மிளகு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் போகாது. “அது என்ன அப்பத்தா?” என்று கேட்டேன்.

“பீமன் கொசு அடிச்ச ரத்தம்டா. ராத்திரியெல்லாம் தூங்க விடலையாம். கையாலயே நசுக்கிப் பாறையில தேச்சுட்டான்.”

அவ்வளவுதான். எனக்கு அந்த மலையின் வரலாறு முழுக்க விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு 30 வருஷம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இந்த அறிவை நான் சும்மா வைத்திருக்கவும் இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது தோளில் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கூட வந்த உள்ளூர் ஆள் பீடி பற்ற வைக்கக் கீழேயே நின்றுவிட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “பீமா பெட், பீமா பெட்” என்று காட்டினேன். கொசுக்கதையைக் கையால் அடித்துக் காட்டி நடித்தேன். மனிதர் சிரிக்கவே இல்லை. நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது ஐந்து ரூபாய் கொடுத்தார். எந்த நாட்டு நூலகத்தில் எந்தப் பக்கத்தில் என் அப்பத்தாவின் ஆராய்ச்சி அச்சாகியிருக்கிறதோ என்ற பயம் இன்றுவரை எனக்கு உண்டு.

இப்போது நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் இதே பாறைகளுக்குத் தொப்பி, முழங்கால் உறை, தண்ணீர் பாட்டில் சகிதம் வருகிறேன். எங்களுக்குப் பெயர் நடைக்குழு. நூறு பேராவது இருப்போம். அந்தக் காலத்தில் காரணமில்லாமல் ஒரு ஆள் நடந்துபோனால் வழியில் பார்க்கிறவர்கள், “என்னப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லையா?” என்று விசாரிப்பார்கள். இப்போது நடப்பதற்கென்றே மதுரையிலிருந்து 40 கிலோமீட்டர் காரில் வருகிறோம். போன மாதம் ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “யாரு வீட்டுத் துட்டிக்குப்பா வந்தீக?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் இவ்வளவு பவ்யமாகப் பாறையைப் பார்த்து நிற்பதற்கு அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

மதுரையைச் சுற்றி இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. 2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடையைத் தொடங்கினார். அதன் பிறகு மலை மலையாக ஆட்கள் கிளம்பினார்கள். கீழக்குயில்குடி, கொங்கர் புளியங்குளம், அரிட்டாபட்டி, மாங்குளம், திருப்பரங்குன்றம். சாப்பாட்டு ஏற்பாடும் உண்டு. கல்வெட்டைப் பார்த்து முடித்ததும் மரத்தடியில் பொங்கல், வடை. வடைக்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதில் சேர்த்தியில்லை என்று சொன்னால் குழுவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்படிப் போன ஒரு காலையில்தான் பீமன் செத்தான்.

தொல்லியல் தெரிந்த ஐயா ஒருவர் நிதானமாக விளக்கினார். பாண்டவர் யாரும் இங்கே வரவில்லை. இவை சமண முனிவர்கள் தங்கிய இடங்கள். குகைக்கு மேலே பாறையில் புருவம்போல ஒரு வெட்டு இருக்கிறது பாருங்கள், அதற்குக் காடி என்று பெயர். மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகாமல் பக்கவாட்டில் வழிந்துபோக வெட்டியது. இதோ இந்தக் கீறல்கள் தமிழ்-பிராமி எழுத்து, 2,000 வருஷத்துக்கும் முந்தையது. தொண்டியைச் சேர்ந்த ஒரு உபாசகர் முனிவர்களுக்கு இந்தப் பள்ளியைச் செய்து கொடுத்ததைச் சொல்கிறது.

நாங்கள் ஓணான் அடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே அந்த எழுத்து இருந்திருக்கிறது. அத்தனை வருஷமும் அதைக் கோழி கிண்டின தடம் என்று நினைத்திருந்தேன். என்னைக் குறை சொல்லவும் முடியாது. அந்த எழுத்தைத் தலைகீழாக, வலமிருந்து இடமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கற்றறிந்தவர்களே கழுத்தைத் திருப்பித்தான் படித்தார்கள். கொத்தன் மேலேயிருந்து தொங்கிக்கொண்டே வெட்டியிருப்பானோ என்பது என் ஊகம். தொண்டிக்காரர் காசு கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வராமல் இருந்தால் இப்படித்தான் நடக்கும். வீடு கட்டினவர்களுக்கு இது புரியும்.

தொண்டி கடற்கரை ஊர். அங்கே இருக்கிற ஒருவர் இவ்வளவு தூரம் உள்ளே வந்து ஒரு பாறைக்குச் செலவு செய்திருக்கிறார். மாங்குளத்தில் வெள்ளறை ஊர் வணிகர் குழுவே படுக்கை செய்து கொடுத்திருக்கிறது. அங்கே ராபர்ட் சீவல் 1882-ல் கண்ட எழுத்துகளில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது என்பது அப்புறம் நிறைய வருஷம் கழித்து, ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கல்லில் இருப்பது பாண்டிய ராஜா என்று தெரியாமலே ஊர் அதன் அடிவாரத்தில் நெல் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தது. ராஜாவும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஐயா பேசி முடித்ததும் மெதுவாகக் கேட்டேன். “பீமன்னு ஏன் சார் சொன்னாங்க?”

“ஆளில்லாத குகையில படுக்கை மட்டும் கிடந்தா யாராவது காட்டுல அலைஞ்சவங்க படுத்திருக்கணுமில்ல? ஜனங்களுக்குத் தெரிஞ்ச வனவாசிங்க பாண்டவங்கதான்.”

நியாயம்தான். ஆனால் கொங்கர் புளியங்குளத்தில் படுக்கைகளை எண்ணினால் ஐம்பதைத் தொடும். ஐந்து பேரும் திரௌபதியும் போக மிச்சப் படுக்கையெல்லாம் யாருக்கு என்று இத்தனை காலம் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. கீழக்குயில்குடி சமணர் மலைக்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். குகைக்குள் நீண்ட காதோடு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்துச் செட்டியார் என்று முடிவுகட்டி, இடத்துக்கே செட்டிப்புடவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். துறவிக்கு வட்டிக்கடை.

இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கீழடிக்குப் பிறகு அந்தப் பழைய எழுத்தைத் தமிழி என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளே எழுதிப் பழகுகிறார்கள். சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி தன் பெயரைக் கையில் பச்சையே குத்தியிருக்கிறான். வருஷம் முழுக்கப் பிராமியை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அதே மலையில், ‘1996’, ‘உயிர் நண்பர்கள்’, அம்பு பாய்ந்த இதயம் என்று பெயின்ட்டில் எழுதியிருப்பதையும் படிக்கிறோம். பழைய நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958 சட்டப்படி மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். 2010-ல் அதை இரண்டு வருஷமாகவும் ஒரு லட்சமாகவும் உயர்த்தினார்கள். எங்கள் காலத்தில் அபராதம் கம்மி, ஆனால் படுக்கையில் பேரைக் கீறினால் பீமன் ராத்திரி வந்து நெஞ்சில் ஏறி உட்காருவான் என்று அப்பத்தா சொல்லியிருந்தாள். ஒருத்தனும் கீறவில்லை. காதலித்தவர்கள்கூடக் கற்றாழை மடலில்தான் எழுதினார்கள்.

இதில் எனக்குச் சங்கடமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

நான் கல்லூரி முடித்து வங்கி வேலைக்கு வெளியூர் போன காலத்தில்தான் மேலூர்ப் பக்கம் கிரானைட் வந்தது. முன்பு கல் உடைக்கிறவர்கள் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு வைத்து, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டுவார்கள். பாறை ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு நேராக வாய் பிளக்கும். அதில் அம்மிக்கல், ஆட்டுக்கல், வேலிக்கால் என்று ஆகும். ஒரு தலைமுறை உடைத்தாலும் பாறையில் ஒரு மூலை குறையும், அவ்வளவுதான். கிரானைட்டுக்கு மூலை போதாது. வைரம் பதித்த கம்பியை ஓட்டிப் பாறையை வெண்ணெய்க் கட்டிபோல அறுத்தார்கள். ஒரு லாரிக்கு ஒரு கட்டி. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அடிவானத்தில் ஒரு உருண்டை காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் படிப்படியாகக் குழி, குழியில் பச்சைத் தண்ணீர். 2012-ல் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் வெளி உலகம் அதைப் பேசியது. 2014-ல் உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது.

பாண்டவர் படுத்த பாறை தப்பித்தது, சுற்றி இருந்த சொந்தக்காரப் பாறைகள் பல போய்விட்டன. அவற்றில் எழுத்தும் இல்லை, படுக்கையும் இல்லை. நாங்கள் சறுக்கி விளையாடி டவுசர் கிழிந்ததற்கெல்லாம் கல்வெட்டு கிடையாது.

அரிட்டாபட்டிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 2022-ல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயின. லகர் வல்லூறு கூடு கட்டுகிற பாறை அது. இரண்டே வருஷத்தில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்த்தார்கள். ஊர் ஊராகக் கூடி நின்றார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்துக்கு நானும் ஒருநாள் போய் நின்று கோஷம் போட்டேன். தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து, சமையற்கட்டு மேடையில் சாய்ந்துகொண்டு வெந்நீர் குடித்தேன்.

அந்த மேடை கிரானைட். 2006-ல் வீடு கட்டும்போது போட்டது. எங்கள் சித்தப்பா அப்போது ஒரு குவாரிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். “நம்ம பக்கத்துக் கல்லுதாண்டா, விலை சகாயமா முடிச்சுத் தர்றேன்” என்று அவரேதான் கடைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கல். கடையில் அதற்குப் பெயர் காஷ்மீர் ஒயிட். மேலூர்ப் பாறைக்கும் காஷ்மீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குக் கடைக்காரர், “மேலூர் ஒயிட்டுன்னா வெளிநாட்டுல எவன் சார் வாங்குவான்?” என்றார்.

புதுமனை புகுந்த மறுவாரம் வீட்டுக்காரி எலுமிச்சம்பழத் தோலை வைத்து மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதைப் பாருங்க. சிவப்பா கறை. நானும் நாலு நாளா தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது.”

கிட்டே போய்ப் பார்த்தேன். மிளகு அளவு. ஒன்றில்லை, மேடை முழுக்க இருந்தது. கார்னெட் என்கிற தாதுப்பொருள் அது என்பதைப் பின்னாளில் நடைக்குழுவில் ஒரு நிலவியல் பேராசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரிந்த பதிலைச் சொல்லவும் வாய் வரவில்லை.

“கறை இல்ல. கல்லோட பிறந்தது. விட்டுடு” என்றேன்.

கல்லுக்கான பில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மேடை, ஜன்னல் விளிம்பு, வாசற்படி சேர்த்து 62 சதுர அடி. பளபளப்புக்கு 10 வருஷம் உத்தரவாதம்.